பூட்டான் செல்லும் பிள்ளைகளுக்கு

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு மின்சாரம் என்றால் மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி. மலையிறங்கும் ஆற்றிலிருந்தே தன் மின்சாரத்தைப் பெறும் நாடு என்றுதான் பூட்டானை அவர்களுக்கு நான் அறிமுகம் செய்வது வழக்கம். இந்திய உதவியால் எழுந்த சுக்கா நிலையம் 336 மெகாவாட், தாலா 1,020. உபரியை வாங்குவதும் இந்தியாவே.

போவதும் எளிது. நமக்கு விசா வேண்டாம். கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ காட்டி அனுமதி பெறலாம். இரவொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. நிலத்தில் 60 விழுக்காடு என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு. மலைகள் தெய்வங்களின் உறைவிடம் என்பதால் மலையேற்றத்துக்கு 2003 முதல் முழுத்தடை. 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கார் புயென்சும் சிகரத்தை இதுவரை எவரும் தொட்டதில்லை. குறிஞ்சிக்குச் சேயோனைத் தெய்வமாக்கிய மரபினர்க்கு இது விளங்காததன்று.

பயண நூல்கள் இவ்வளவில் நின்று, 'மகிழ்ச்சியின் நாடு' என்று முடித்துவிடுகின்றன. செல்வத்தினும் மக்கள் மகிழ்ச்சியே பெரிது என்ற மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் ஆட்சியில்தான், 1990களின் தொடக்கத்தில், நேபாளி பேசும் தென்பூட்டான் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் துரத்தப்பட்டும் அஞ்சியோடியும் நேபாளத்து முகாம்களை அடைந்தனர். 2007க்குப் பின் அவர்களுள் பெரும்பாலோரை அமெரிக்கா முதலிய நாடுகள் ஏற்றுக்கொண்டன.

ஈழத்து ஏதிலியர் முகாம்களை அறிந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் இதை எப்படி மறைப்பது? சொன்னால் மலையின் அழகு குறைந்துவிடாது. அங்கிருக்கும் மக்களைக் காணச் செல்பவர்கள், அங்கிருந்து போனவர்களையும் அறிந்தே செல்லட்டும்.