குங்கிலியமும் களிம்பும்

திருப்பனந்தாளில் குங்கிலியம் என்றால் குங்கிலியக் கலய நாயனார் நினைவுதான் முதலில் வரும். வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, நெல் வாங்க மனைவி கொடுத்த தாலியைக் குங்கிலியத்துக்கு மாற்றியவர் கலயர். சாய்ந்திருந்து, யானைகள் இழுத்தும் நிமிராத எங்கள் ஊர்ச் சிவலிங்கமான செஞ்சடையப்பரைத் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தியவரும் அவரே. அதே குங்கிலியத்துக்கு, உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலைப் பட்டறைகளில் வேறொரு வேலை இருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சித்தான் சிலைக்கு மெழுகு தயாரிக்கிறார்கள். வெறும் மெழுகு கைச்சூட்டுக்கே குழைந்துவிடும். குங்கிலியம் அதற்கு விறைப்பைத் தரும், எண்ணெய் வளைந்து கொடுக்க வைக்கும். எது எவ்வளவு என்பது வெயிலைப் பொறுத்தது. புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது.

பட்டறைக்கு வரும் பையன்கள் இந்த மெழுகிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அப்புறம் காவிரி வண்டலைக் குழைத்து மெழுகின்மேல் முதல் பூச்சுப் பூசுவது. நகைக்கோட்டின் நுணுக்கம்கூட அந்த மண்ணில் பதிய வேண்டும். அப்புறம் அளவு. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்றை நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரிப்பார்கள். உத்தம தசதாளம் என்ற அளவு முறை என்றால் 124 பாகம். அளவுகோல் தேவையில்லை, ஓலை போதும்.

அப்படிப்பட்ட பையன் ஒருவனிடம் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். “பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க சார். திமிங்கிலம் பார்த்தோம்” என்றான். அரண்மனையில் ஒரு திமிங்கில எலும்புக்கூடு இருப்பது உண்மைதான். அவன்மேல் குற்றமில்லை. கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் அரை நிமிடம் நிறுத்தி வரிசையை நகர்த்தியிருப்பார்கள்.

1011இல் செய்த சிவன் திருமேனி அது. நந்தி இல்லை. நந்தியின்மேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. மடங்கிய முழங்கை, தளர்ந்த விரல்கள், இடுப்பின் ஒசிவு, ஒரு காலில் இறங்கி நிற்கும் உடல் எடை. இவற்றைப் பார்த்தாலே இல்லாத மாட்டின் உயரம் தெரிந்துவிடும். கோயிலில் இருந்தால் பட்டும் மாலையும் இதில் பாதியை மூடிவிடும். மெழுகு பிடிக்கும் கைக்குக் கலைக்கூடம்தான் கல்லூரி. பொதுமக்கள் வராத விடுமுறை நாளில் அவனை ஒரு ஓலைக் கீற்றோடு உள்ளே விட்டால் போதும். முதுகுப்புறத்தையும் காட்ட வேண்டும். முன்பக்கத்தை நாம் எல்லோரும் பார்த்தாயிற்று.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1852இல் தொடங்கியபோது வடிவமைப்புப் பள்ளி அதன் கூடவே இருந்தது. சென்னையில் ஹண்டர் என்பவர் கலைப்பள்ளியைத் தொடங்கியது 1850, அரசு அருங்காட்சியகம் வந்தது 1851. ஒரு வருட இடைவெளியில் பிறந்தவை. ஆனாலும் கலை படிப்பது ஓர் இடம், கலையைப் பூட்டி வைப்பது வேறோர் இடம் என்றுதான் நம் வழக்கம் ஆனது.

விதிவிலக்காக ஒன்று எழும்பூரில் அந்த அருங்காட்சியகத்திலேயே நடந்தது. 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டார். களிம்பிலும் இரண்டு உண்டு. உறுதியாகப் படிந்த களிம்பு சிலைக்குக் காப்பு. வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உதிர்வது, உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பது. வித்தியாசம் தெரியாமல் புளியைப் போட்டுத் தேய்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பக்தியோடுதான்.

எங்கள் பக்கத்தில் ‘டிராயிங் படிச்சா சோறு போடுமா?’ என்று கேட்கும் தகப்பன்மார்களுக்கு ஒரு புகைப்படத்தின் கதையைச் சொல்வேன். கொள்ளிடத்துக்கு அக்கரையில், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோனார். 2014இல் திரும்பி வந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்துவைத்த படம்தான் அவர் யார் என்று சாட்சி சொன்னது. அதை எடுத்தவருக்கு அன்று அது வழக்கமான ஒரு நாள் வேலை.

அந்த மாதிரி வேலை இங்கே மலையாகக் கிடக்கிறது. திருவாரூர் கோயிலின் சிலைப் பாதுகாப்பு மையத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான திருமேனிகள் இருக்கின்றன. எதில் களிம்பு பூக்கிறது, எதில் உறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். அளந்து அட்டை எழுத வேண்டும். காப்பாட்சியர் ஆக முதுகலைப் பட்டமும் தேர்வாணையத் தேர்வும் வேண்டும். சரி, இருக்கட்டும். அவருக்குக் கீழே வேலை செய்யும் கைகளை எந்தத் தேர்வில் தேடுவது? கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கும் பெண்ணையும் சுவாமிமலைப் பட்டறைப் பையனையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். அவளுக்கு வரையத் தெரியும், அவனுக்கு உலோகம் தெரியும். இரண்டு வருடப் பயிற்சி. முதல் ஆறு மாதம் திருமேனியைத் தொடவே விடக்கூடாது, அட்டை எழுதட்டும். உதவித்தொகையை மட்டும் முதல் மாதத்திலிருந்தே கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பையன் திருப்பூர் பஸ் ஏறிவிடுவான்.