மிலானில் ஒன்றரை நாள்

மிலான் நகருக்கென எனக்கு வாய்த்திருப்பது ஒன்றரை நாள். நண்பர்கள் தந்த பட்டியல்களோ ஒரு வாரத்துக்குப் போதுமானவை. அவற்றுட் பல கடைத்தெருக்களையே முதன்மைப்படுத்தின. 1386இல் தொடங்கப்பெற்ற பேராலயத்தின் கூரைமீது திங்களன்று ஏறி நிற்பேன், அதில் ஐயமில்லை. அன்று அரும்பொருட்சாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். புறப்படும் செவ்வாய் முற்பகலில் ஒன்றைக் காணவே நேரமுண்டு.

ஸ்போர்சாக் கோட்டையில் மைக்கல் ஏஞ்சலோ 1564இல் இறக்கும்வரை செதுக்கியும் முடிவுறாத ‘ரொண்டானினி பியேற்றா’ இருக்கின்றது. அதன்முன் விரும்புமட்டும் நிற்கலாம். லியனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தையோ முன்பதிவு செய்தோரே, சிறு குழுக்களாக, 15 நிமிடம் மாத்திரம் காணலாம். ஈரச்சாந்தில் விரைந்து தீட்டும் மரபை விடுத்து, உலர்ந்த சுவரில் ஆறுதலாகத் தீட்டினார் அவர். அவர் வாழ்நாளிலேயே வண்ணம் சிதையத் தொடங்கிற்று. 1652இல் அச்சுவரில் வாயிலொன்று வெட்டப்பட, இயேசுவின் பாதங்கள் மறைந்தன. 1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் மடத்தின் உணவுக்கூடம் இடிந்தபோது, மணல்மூடைகள் காத்த ஓவியச்சுவர் தப்பி நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட புனரமைப்பு 1999இல் நிறைவுற்றது. எஞ்சியுள்ள மூலவண்ணம் சொற்பமே.

அச்சொற்பத்துக்காகச் சிற்பத்தைத் துறப்பதா எனப் பல நாள் தயங்கினேன். ஈற்றில் ஓவியத்துக்கே நுழைவுச்சீட்டுப் பெற்றுள்ளேன். இத்தனை இடர் கடந்தும் நிற்கின்ற அச்சுவரை ஒருமுறையேனும் நேரிற் காணல் வேண்டும்.