தொடாத பொத்தான்

நன்னூலில் பவணந்தியார் விடையை எட்டு வகையாகப் பகுத்துள்ளார். சுட்டு, மறை, நேர் எனத் தொடங்கும் அப்பட்டியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அவ்வெட்டினுள் மௌனம் இல்லை. இத்தனை ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்த நாங்கள், கணிப்பொறியில் ஒரு சிறு படிவம் செய்தபோது மட்டும் மௌனத்தை மறைவிடையாக எழுதி வைத்துவிட்டோம்.

எங்கள் துறை ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு நிதி வைத்திருக்கிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடநூல் வாங்கித் தருவதற்காக. 2023இல் அப்பெயர்களைத் திரட்ட, தாளை விடுத்துக் கணிப்பொறியை நாடினோம். அந்தக் கோடை விடுமுறையில்தான் நாங்கள் இருவர் பைத்தான் பயின்றிருந்தோம். புதிதாய்க் கற்றதைக் காட்டும் ஆசையும் இருந்தது. பைத்தானுடனேயே வரும் டிகின்டரைக் கொண்டு படிவம் எழுதினோம். துறை அறைக்கு ஒவ்வொருவராக வந்து நிரப்ப வேண்டும். 'உங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வருபவர் நீங்களா?' என்ற வினாவின் கீழ் 'இல்லை', 'ஆம்' என இரண்டு ரேடியோ பொத்தான்கள்.

அப்பெயர் பழைய கார்களின் வானொலிப் பெட்டியிலிருந்து வந்தது. ஒரு விசையை அழுத்தினால் முன்பு அழுத்தியது மேலெழும்பிவிடும். கணிப்பொறியிலும் அப்படித்தான்: ஒரு குழுவின் பொத்தான்கள் எல்லாம் ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்கின்றன. மாறியின் மதிப்பு எந்தப் பொத்தானின் மதிப்போடு ஒக்கிறதோ அதில் புள்ளி விழும். டிகின்டரின் எண் மாறி, நாம் வேறு சொல்லாவிட்டால், 0 என்றே பிறக்கிறது. நாங்களோ 'இல்லை'க்கு 0, 'ஆம்' என்பதற்கு 1 என்று கொடுத்திருந்தோம். ஆகவே படிவம் திறந்தவுடனேயே 'இல்லை'யில் புள்ளி அமர்ந்திருந்தது. அதைக் கண்டும் பிழையென்று தோன்றவில்லை. அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

'ஆம்' என்றோர் மிகச் சிலர். ஊர் முன்னேறிவிட்டது என்று மகிழ்ந்தோம்! நூல்கள் வழங்கி முடித்த மறுவாரம் ஒரு மாணவி வாயிலில் நின்றாள். அவள் பெயருக்கு நேரே 'இல்லை' என்றிருந்ததைக் காட்டினோம்.

"நான் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை, ஐயா" என்றாள்.

மௌனம் சம்மதம் என்பார்கள். எங்கள் நிரலில் அது மறுப்பு.

அன்று மாலையே திருத்த உட்கார்ந்தோம். எண் மாறியை நீக்கிச் சர மாறியை வைத்தால் வெற்றுச் சரத்தில் தொடங்கும், எதுவும் தெரிவாகாது என்று எண்ணினோம். படிவம் திறந்தது, இரு பொத்தான்களும் ஒருசேரத் தெரிவானவை போல் நின்றன! டிகின்டரின் பழைய வகைப் பொத்தானுக்கு 'இரண்டுங்கெட்டான்' நிலை ஒன்று உண்டு. அதற்கு முன்னமைத்த மதிப்பு அதே வெற்றுச் சரம். பிறகு எந்தப் பொத்தானுக்கும் உரியதல்லாத ஒரு சொல்லை, 'தெரிவில்லை' என்பதை, மாறியில் இட்டோம். புள்ளிகள் மறைந்தன. 'சேமி' பொத்தானை அழுத்தும்போது மாறியில் இன்னும் அச்சொல்லே இருந்தால் எச்சரிக்கைப் பெட்டி தோன்ற வேண்டும். தோன்றியது, ஆனால் அதை மூடியதும் பதிவும் நிகழ்ந்தது. எச்சரித்தபின் செயற்கூற்றை விட்டு வெளியேறும் 'ரிட்டர்ன்' வரியை எழுதியிருக்கவில்லை. இன்னொன்றையும் மறந்திருந்தோம். ஒருவர் முடித்ததும் மாறியைத் 'தெரிவில்லை'க்கு மீட்காவிடில், முன்னவரின் விடை அடுத்தவருக்குச் சீதனமாகப் போய்விடும்.

எல்லாம் சரியாயிற்று என்றபின் அந்த மாணவியை மறுபடி அமர்த்தினோம். இரண்டு பொத்தான்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தயங்கித் தயங்கிச் 'சேமி'யை அழுத்தினாள். 'ஒன்றைத் தெரிவு செய்யவும்' என்று பெட்டி மிரட்டியது. பிறகுதான் கேட்டோம், அன்று ஏன் தொடவில்லை என்று. அவள் அண்ணன் கல்லூரியில் சேர்ந்து ஒரு பருவம் படித்தான். கட்டணம் கட்ட வழியின்றித் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் முதலா, இவள் முதலா? பொய் சொன்னதாகிவிடுமோ என்ற அச்சத்தில் விட்டுவிட்டாளாம்.

முன்பு அவள் சொல்லாததைச் சொன்னதாக எழுதினோம். இப்போது சொல்ல முடியாததைச் சொல்லும்படி கட்டாயப்படுத்துகிறோம். ரேடியோ பொத்தானில் ஒன்றை அழுத்திவிட்டால் வேறொன்றுக்கு மாறலாமே தவிர, 'ஒன்றுமில்லை' என்ற பழைய நிலைக்குப் பயனர் திரும்ப இயலாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்தோம்: 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை'. அதன் அருகே ஒரு வரி எழுத இடமும் விட்டோம். 'இல்லை' என்று பதிவான அனைவரையும் மீண்டும் அழைத்தோம். முதல்முறை தாங்கள் எதையும் தொடவில்லை என்றோர் பலர். கைப்பணம் போதாமல் அடுத்த மாதச் சம்பளம் வரை சிலர் நூலுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

அவள் மூன்றாவதை அழுத்திவிட்டு, இடைவெளியில் நெடுநேரம் தட்டச்சு செய்தாள். 'அண்ணன் ஒரு பருவம் படித்தான். அவன் புத்தகங்கள் இன்னும் வீட்டில் உள்ளன. பாடத்திட்டம் மாறிவிட்டது.'