47 ஓம்

ஒளிமுறிவுப் பாடத்தை நான் நெடுங்காலமாகக் கரும்பலகையில்தான் நடத்தி வந்தேன். வெண்கட்டியால் ஒரு கோடு, ஒரு கண்ணாடிக் குற்றி, அதற்குள் சற்றே திரும்பிய இன்னொரு கோடு. பிள்ளைகள் கொப்பியில் கீறினார்கள், பரீட்சையில் புள்ளியும் எடுத்தார்கள். கதிரைத்தான் எவரும் கண்டதில்லை. கலாசாலையில் எங்களுக்கும் குண்டூசி குத்திக் கதிரின் பாதையைக் குறிக்கத்தான் பழக்கினார்கள்.

சந்தையில் விற்கும் லேசர் சுட்டியொன்றை வாங்கினேன். அதன் பொத்தான் மின்கலங்கள் இரண்டு பாடவேளைக்குக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியில் அதை இயக்கலாமே என்ற யோசனை பத்தாந்தர மாணவன் ஒருவனுடையது. வானொலி திருத்துபவரின் மகன். கணிதத்தில் பின்வாங்கில், பற்றாசு பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

இலக்கியச் சஞ்சிகையில் மின்சுற்றைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்துக்கொள்ளட்டும்.

லேசர் இருவாயி மின்குமிழைப் போன்றதல்ல. வோல்ற்றளவைக் கொஞ்சம் கூட்டினாலே மின்னோட்டம் கட்டுமீறிப் பாயும். பளிங்கின் நுனிமுகம்தான் அதற்குக் கண்ணாடி. அது கருக ஒரு கணம் போதும், பிறகு மங்கலான சிவப்பு விளக்காகத்தான் எரியும். 1962இல் அமெரிக்காவில் ரொபர்ட் ஹோல் குழுவினர் முதன்முதலில் இதை இயக்கியபோது திரவ நைதரசனில் குளிரவைத்துத் துடிப்புத் துடிப்பாகத்தான் ஒளிரச் செய்ய முடிந்தது. அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிர 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய பொருள் இன்று விளையாட்டுச் சாமானுக்குள் கிடக்கிறது!

ஆகவே வோல்ற்றளவை அல்ல, மின்னோட்டத்தைத்தான் கட்டிப்போட வேண்டும். எல்.எம். 317 என்ற மூன்றுகால் சீராக்கி தன் வெளியீட்டுக் காலுக்கும் செப்பஞ்செய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ற்றைப் பேணும். அங்கே ஒரு தடையியை வைத்தால் 1.25ஐத் தடையால் வகுத்துவரும் மின்னோட்டமே பாயும், பற்றரி 12 வோல்ற்றில் நின்றாலும் 14இல் நின்றாலும் சரி. முதலில் லேசருக்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கன் இருவாயிகள் மூன்றைத் தொடராகப் போட்டுப் பல்மானியால் அளந்தோம். கொள்ளளவியில் தேங்கிய ஏற்றம் லேசரைக் கொன்றுவிடும் என்பதால், அதைக் குறுஞ்சுற்றாக்கி வெறுமையாக்கிய பின்னரே சுட்டியின் பித்தளைக் குழலை இணைத்தோம். 68 ஓமில் 18 மில்லியம்பியர். சோம்பலான செம்மை மட்டும். 47 ஓமுக்கு மாற்றினோம். 27 மில்லியம்பியர் அளவில் எதிர்ச்சுவரில் சுள்ளென்று ஒரு புள்ளி விழுந்தது.

பையனுக்கு அது போதவில்லை. பழுதான டீவீடீ எழுதியொன்றைக் கொண்டுவந்தான். "சேர், இதுக்குள்ள இருக்கிறத்துக்குத் தீக்குச்சி பத்துமாம். ஒரு தரம் பாப்பமே."

பற்றும்தான். அதன் இருவாயி நூறு மில்லிவாற்றுக்கு மேல் தரக்கூடியது. எங்கள் சுட்டியோ ஐந்துக்கு உட்பட்டது. கண்வில்லை அந்தக் கற்றை முழுவதையும் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். இமை மூடக் கால் செக்கன் ஆகும், அதற்குள் பார்வை போய்விடும். சுவர்க் கண்ணாடியில் தெறித்து வந்தாலும் அதே கதிதான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. "இல்ல மகன்" என்று சொல்லி அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பாடத்துக்கு வந்தான். தண்ணீர்த் தொட்டியில் நாலு சொட்டுப் பால் விட்டு, யன்னல்களை மூடி, பக்கவாட்டிலிருந்து கதிரைச் செலுத்தினோம். தண்ணீருக்குள் சிவப்பு நூல் இழுத்ததுபோல நின்றது. கோணத்தைக் கூட்டிக்கொண்டே போக, 49 பாகைக்கு அருகில் மேற்பரப்பைத் தாண்ட மறுத்துக் கீழே மடங்கியது. பின்வாங்குகள் எழுந்து முன்னுக்கு வந்துவிட்டன. பிறகு ஒரு சீடீத் தட்டில் செங்குத்தாக அடித்தோம். ஒரு மீற்றர் தள்ளியிருந்த சுவரில் நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 44 சதமமீற்றரில் அடுத்த புள்ளி. 650 நனோமீற்றர் அலைநீளத்தை வைத்துக்கொண்டு தட்டின் வரிகளுக்கிடையே 1.6 மைக்கிரோமீற்றர் என்று கணக்குப் போட்டது அவன்தான். சைன் அட்டவணையைத் தானே கேட்டு வாங்கினான்.

அவனுடைய மூத்தவர் கட்டாரில். சாதாரண தரம் முடிந்ததும் இவனையும் அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறதே என்று பேசப் போனேன். வாப்பா தேநீர் தந்து, மரியாதையாகக் கேட்டார்: "எல்லாம் சரி சேர். இவன் படிச்சி முடிக்கிற வரைக்கும் ரெண்டு குமர இரிக்கிற ஊட்ட ஆரு பாக்கிற?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. முற்றத்து மேசையில் பையன் யாருடையதோ வானொலியொன்றைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "சேர், 39 ஓம் போட்டா எவ்வளவு வரும்?"

"நீயே வகுத்துப் பார்" என்றேன்.