புகுமுகம்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

என் தந்தையாருக்குத் தம் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் அவர் படித்ததில்லை. உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில், பிறர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர். சேர்க்கைக்கு வந்த அன்று அலுவலகச் சன்னலுக்குள் இருந்தவர், "மேஜர் என்னம்மா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த மேஜர் பட்டாளத்தில் இருப்பவர் ஒருவர்தான். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். "இயற்பியல்" என்று அவரே எழுதிக்கொண்டார்.

அன்று தொடங்கிய சங்கடம் பருவம் முடியும்வரை தீரவில்லை. செமஸ்டர், இன்டர்னல், கிரெடிட், அல்லைடு, அரியர் என்ற சொற்களெல்லாம், பிறக்கும்போதே எல்லாரும் அறிந்து வந்தவை போல வகுப்பில் புழங்கின. பள்ளியில் புரியாவிட்டால் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இங்கே அறுபது முகங்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்று நானும், நான் கேட்கவில்லையே என்று என் பக்கத்தில் இருந்தவளும் பேசாமல் இருந்துவிட்டோம்.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவள் ஊர். மேல்நிலைத் தேர்வில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள், கணக்கில் கெட்டிக்காரி. முதல் உள்தேர்வில் ஐம்பதுக்கு எனக்குப் பதினொன்று, அவளுக்கு எட்டு. வினாத்தாள் ஆங்கிலம், எழுத வேண்டியதும் ஆங்கிலம். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில், "நான் ஃபெயில் ஆயிட்டேன்டி, இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிணு வர்றது?" என்று அழுதாள்.

எனக்கோ அதற்கு இரண்டு நாள் முன்புதான் நூலகத்தில் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் விளக்கியிருந்தார். உள்மதிப்பீடு 25தான், பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. ஒரு தாளில் தவறினாலும் வகுப்பு நின்றுவிடாது, அதை அரியராக அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. நானே நேற்றுவரை அறியாதவள் என்பதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டேன் என்பது மீதி.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. மாதம் ஒன்று கழித்து, விடியற்காலையில் உத்திரமேரூரில் அவளைப் பார்த்தேன். சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேனுக்காக நின்றிருந்தாள். அப்போதுதான் அரியர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கென்று பாடமே இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த 2023ஆம் ஆண்டின் மாதிரிப் பாடத்திட்டத்தில், முதல் பருவத்தில் இரண்டு கிரெடிட்டுக்கு ‘அடித்தளப் பாடம்’ உண்டு. இயற்பியலில் அதற்கு ‘அறிமுக இயற்பியல்’ என்று பெயர். பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் பாலமாக இருப்பதே நோக்கம். நாங்களும் படித்தோம். நல்ல பாடம், குறை சொல்ல மாட்டேன். திசையன் என்றால் என்ன என்று தெளிவாகக் கற்றேன். கல்லூரிக்குள் எந்தத் திசையில் போவது என்பதுதான் அதில் இல்லை.

ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் சிறப்புச் சொற்பொழிவுக்கு வந்தபோது, தம் காலத்துப் ‘புகுமுக வகுப்பு’ பற்றிச் சொன்னார். பள்ளியில் பதினோரு ஆண்டு முடித்தவர்கள் கல்லூரியில் ஓராண்டு புகுமுகம் படித்த பிறகே பட்ட வகுப்புக்குப் போனார்களாம். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்த வகுப்பு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்துவிட்டது. பாடங்கள் பள்ளிக்குப் போயின, சரி. கல்லூரிக்குள் நுழைந்து பழக இருந்த அந்த ஓராண்டு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, வழக்கம்போல.

அமெரிக்காவில் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1970இல் மாணவர்கள் கலகம் செய்து, துணைவேந்தர் போன்ற பொறுப்பில் இருந்த தலைவரை அவருடைய அலுவலகத்திலேயே முற்றுகையிட்டார்கள். அதன் விளைவாக 1972இல் அங்கே முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு சிறு கருத்தரங்கு வகுப்பு பிறந்தது. நாம் கலகம் செய்யவில்லை. பேசாமல் வேனில் ஏறிப் போய்விடுகிறோம்.

இந்த ஆண்டு வகுப்புகள் தொடங்குமுன், துறைத்தலைவர் எங்களில் இருவரைத் துறைக் கூட்டத்துக்கு அழைத்தார். "பாடத்திட்டம் மேலே முடிவாகி வருகிறது, அதைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. ஆனால் இந்த இரண்டு கிரெடிட்டின் நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் கொஞ்சம் இடமிருக்கிறது. உங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது, சொல்லுங்கள்" என்றார்.

அந்த அறையில் உட்கார்ந்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சுவர் நினைவுக்கு வந்தது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்தவை, இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் வரிசையாக அழைத்துப் போய்க் காட்டினார்கள். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில், உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் எடுப்பான், வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. பெருமைதான். ஆனால் ஓலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். நிலமில்லாத என் தந்தை பெயரோ பெண்ணான என் பெயரோ அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடக்குழுவிலும் பேராசிரியர்கள், வெளி வல்லுநர்கள், முதுகலை முடித்த பழைய மாணவர் ஒருவர் என்றுதான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் பருவத்தில் தவறி விழுந்தவருக்கு நாற்காலி எங்கும் கிடையாது. அன்று எனக்குக் கிடைத்தது.

எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். மதிப்பெண் எப்படிக் கூடுகிறது, அரியர் என்றால் என்ன, உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது, ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது, ஆசிரியர் அறைக்குள் எப்படிப் போய்ச் சந்தேகம் கேட்பது. கடைசி வரியில் குரல் கம்மிவிட்டது. அவளைப் பற்றியும் சொன்னேன்.

ஓர் ஆசிரியர், "எல்லாம் சரி, பாடத்தை எப்போது முடிப்பது?" என்றார். அதிலும் நியாயம் உண்டு; நடத்தாத பகுதியிலிருந்து வினா வந்தால் பழி அவர்மேல்தானே விழும். அரைமணி விவாதத்துக்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நான் பத்து கேட்டிருந்தேன். பத்துப் பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியரும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரும்.

என் குழுவின் முதல் நாள், கரும்பலகையில் முதலில் ‘அரியர்’ என்று தமிழிலேயே எழுதினேன். சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை, தோற்பதைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிலர் விழித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "அப்ப ஃபெயிலானா டி.சி. குடுத்துட மாட்டாங்களாக்கா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் பத்துப் பேரில் இருவர் வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. இன்னொருத்தியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அவள் ஊர் எங்கள் பேருந்து போகும் வழியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.