வேலை கேட்கிற பூனை

இங்கிலாந்தில் பூனைக்கும் தலைமுறை பார்ப்பார்கள். ஆசியக் காடுகளில் திரியும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு இணைத்து உண்டாக்கிய இனம் பெங்கால். குட்டியின் தாய் தகப்பனில் ஒன்று நேரடியாகக் காட்டுப் பூனை என்றால், 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உள்ளூராட்சிச் சபையிடம் உரிமம் எடுக்காமல் அதை வளர்க்க முடியாது. அடுத்த தலைமுறைகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஹரோவில் எங்கள் வீட்டில் இருக்கும் மணி பல தலைமுறை தள்ளிப் பிறந்தவன். சட்டத்துக்கு அவன் வெறும் பூனை. எங்கள் வீட்டுக் கதவுகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

இந்த இனத்துக்கு ஒரு தாய் உண்டு: கலிபோர்னியாவின் ஜீன் மில். 1963இல் அவருடைய சிறுத்தைப் பூனைக்கும் கறுப்பு வீட்டுப் பூனைக்கும் குட்டி பிறந்தது. அந்த முயற்சி அப்படியே நின்றுபோய், 1980 அளவில்தான் மறுபடி தொடங்கியது. பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் வைரஸை எதிர்க்கும் சக்தி சிறுத்தைப் பூனைக்கு உண்டா என்று வில்லர்ட் சென்டர்வால் என்ற மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்த கலப்புக் குட்டிகள் சிலவற்றை ஜீன் மில் வாங்கிக்கொண்டார். முதல் சில தலைமுறைகளின் ஆண் குட்டிகள் பெரும்பாலும் மலடாகவே பிறக்கும் என்பதால் வெளியிலிருந்து கடுவன் தேவைப்பட்டது. அவர் தேடிப் பிடித்த ஒன்று டெல்லி மிருகக்காட்சிசாலையில் சுற்றித் திரிந்த புள்ளிபோட்ட தெருப் பூனை. 1986இல் சர்வதேசப் பூனைச் சங்கம் பெங்காலைப் புதிய இனமாக ஏற்றுக்கொண்டது. டெல்லிக் கதையைச் சொன்னபோது அம்மாவுக்கு மணியில் ஒரு உரிமையே வந்துவிட்டது. "அப்ப இவன் எங்கட பக்கத்துப் பெடியன்தான்" என்றார்.

கெட்டிக்காரப் பூனை வேண்டும் என்று தேடுகிறவர்கள், கெட்டிக்காரத்தனம் என்றால் சொன்னபடி கேட்பது என்று நினைக்கிறார்கள். மணி கெட்டிக்காரன், அதனால்தான் கேட்பதில்லை. கீழே அழுத்தித் திறக்கும் கைபிடிகளில் தொங்கிக் கதவைத் திறக்கப் பழகினான். உருண்டைக் குமிழ் போட்டோம். குளியலறைக் குழாயின் நெம்பைத் தலையால் தள்ளித் தண்ணீரைத் திறந்துவிட்டு, முன்காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீரோடைக் கரையில் இரை தேடும் காட்டுப் பாட்டனின் குணம் அது என்று மகள் சொல்வாள். தண்ணீர்க் கட்டணம் கட்டுவது நான். குளிர்சாதனப் பெட்டிக்குக் குழந்தைப் பூட்டு. எறிந்த பந்தை நாயைப் போல எடுத்து வருவான். எறியச் சலித்த கையைப் பார்த்துப் பெருங்குரல் எடுப்பான். பக்கத்து வீட்டுக்காரர் முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, யாருக்கும் சுகமில்லையா என்று வந்து கதவைத் தட்டினார்.

அந்த நாட்களில் அம்மா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் வளவு, கிணறு, மாடு, பேரப்பிள்ளைகள், கோயில் என்று விடியற்காலையிலிருந்து ஓடிய மனுசி. இங்கே குசினியில் மின்னடுப்பு, சலவைக்கு இயந்திரம். நாங்கள் எல்லோரும் வெளியே போனபின் வீட்டில் அவரும் பூனையும் மட்டும். மணியின் குழப்படிக்கு நாங்கள் பயிற்சிக் காணொளிகளில் வழி தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு கிழமை அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு வேலை இல்லைப் பிள்ளை. வேற ஒண்டும் இல்லை."

மிருக வைத்தியர் சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான், கட்டணத்தோடு. காட்டில் பூனை எலி, பல்லி, குருவி என்று ஒரு நாளில் பல சின்ன வேட்டைகள் ஆடித்தான் வயிற்றை நிரப்பும். நாங்கள் கிண்ணத்தில் கொட்டுவதை அது இரண்டு நிமிடத்தில் தின்றுவிட்டு, மிச்ச நாள் முழுவதும் அந்த மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அம்மா கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். உலர் தீனியை முட்டை அட்டைக் குழிகளில், சுருட்டிய பழைய துணிக்குள், படிக்கட்டின் மூலைகளில் ஒளித்துவைப்பார். மணி கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க இடத்தை மாற்றுவார். சாயங்காலம் நான் வந்தால் அன்றைய வெற்றி தோல்வி முழுவதையும் கேட்டாக வேண்டும். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்திருந்தது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஊரில் எங்கள் பூனைகளுக்குப் பெயர் கிடையாது. மீன் வெட்டும்போது கிணற்றடிக்கு வரும், தலையையும் குடலையும் தின்னும், குழம்புச் சோறு கிடைத்தால் அதையும் தின்னும், பிறகு காணாமல் போகும். இங்கே குழம்பைக் காட்டவே கூடாது: வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அம்மா இப்போது தாளிப்பதற்கு முன்பே ஒரு மீன் துண்டை வெறும் தண்ணீரில் அவித்து எடுத்துவைக்கிறார். அவரை உண்மையில் அதிரவைத்தது பனடோல் விஷயம். எங்கள் குடும்பத்தில் தலையிடி, காய்ச்சல், கவலை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஒற்றை மாத்திரையே கொன்றுவிடக்கூடும். கட்டிலருகே கிடந்த பெட்டி அன்றே பூட்டிய அலுமாரிக்குப் போனது.

இந்த நாட்டில் எனக்கு இலவச ஆஸ்பத்திரி, மணிக்குக் காப்புறுதி. அவன் தோலுக்குள் அடையாளச் சில்லு இருக்கிறது; 2024 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் வீட்டுப் பூனைக்கு அது கட்டாயம். ஆனால் வீதியில் நாயை மோதிய சாரதி பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், பூனையை மோதியவர் அறிவிக்க வேண்டியதில்லை. அது தெரிந்த பிறகு அவனைத் தனியே வெளியே விட மனம் வரவில்லை. மார்பு வார் போட்டு, கயிறு பிடித்துத்தான் நடை.

பிடிப்பவர் அம்மா. சேலைக்கு மேல் தடித்த கோட், கம்பளித் தொப்பி, முன்னால் சிறுத்தைப் புள்ளியோடு மணி. பல வருடம் இந்தத் தெருவில் குடியிருந்தும் எனக்கு வானிலைக்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. அம்மாவுக்கோ பத்து ஆங்கிலச் சொற்கள்தான் தெரியும். ஆனாலும் தெருவின் இரண்டு பக்கமும் அவரை நிறுத்திப் பேசுகிறது. எந்த வீட்டில் இடுப்புச் சத்திர சிகிச்சை, எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டது என்று இரவுச் சாப்பாட்டில் எங்களுக்குச் சொல்கிறார்.

இந்த ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் தேருக்குப் போகலாம் என்று பயணச்சீட்டு விலை பார்த்தேன். பூனைக் காப்பகத்தின் படங்களையும் காட்டினேன்: வரிசையாகக் கம்பி அறைகள், ஒவ்வொன்றிலும் மெத்தை, கிண்ணம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"சாப்பாட்டை ஆர் ஒளிச்சு வைப்பினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் காப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.