பூட்டி வைத்த அறை

ஒரே அறையில் எட்டுப் பேர் குடித்தனம் நடத்திய காலத்தில் எங்களுக்கு இடம் போதவில்லை என்று தோன்றியதே இல்லை. மூன்று அறை வீட்டில் மூன்றே பேர் இருந்தபோதுதான் இடம் போதாமல் போயிற்று. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

1983-இல் கல்யாணமாகி, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துக்கு வாழ வந்தவள் நான். முன்னால் அஞ்சடி, நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி. அவ்வளவுதான் வீடு. மாமனாரும் கொழுந்தன்மார் இருவரும் அஞ்சடியில் படுப்பார்கள். மாமியாரும் நாத்தனாரும் குசினி ஓரத்தில். நாங்கள் அறையில். 1986-இல் மகள் பிறந்ததும் எட்டுப் பேரானோம். யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கு அறை அவர்களுக்கு. நாத்தனாருக்குப் பரீட்சை வந்தால் அறையும் விளக்கும் அவளுக்கு. விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால், படுத்த இடமே சாப்பிடும் இடமாகிவிடும். "இது என் இடம்" என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1991-இல் தோட்டம் கைமாறியது. நாங்கள் சுங்கைப்பட்டாணிக்கு வந்து, ஒரு தாமானில் வங்கிக் கடன் போட்டு மூன்று அறை உள்ள வரிசை வீடு வாங்கினோம். அதற்குள் மாமனார் காலமாகிவிட்டார். கொழுந்தன்மாரும் நாத்தனாரும் தனித்தனிக் குடும்பமானார்கள். எங்களுக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை, 1990-இல் பிறந்த மகனுக்கு ஓர் அறை என்று பெருமையாகப் பிரித்தோம். எங்களோடு வந்த அத்தை, "எனக்கு ஹாலே போதும். நல்லா காத்து வரும்" என்றார். ஒரு மடக்குக் கட்டில் வாங்கிப் போட்டோம். அப்போது அவருக்கு வயது 52.

காலம் ஓடியது. என் கணவர் லாரி ஓட்டினார். நான் தொழிற்சாலைக்குப் போனேன். பிள்ளைகள் படித்து ஆளானார்கள். 2012-இல் மகள் வாழ்க்கைப்பட்டு ஜொகூர் பாருவுக்குப் போனாள். 2017-இல் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அறைகள் இரண்டும் அவர்கள் விட்டுப்போனபடியே இருந்தன. மகன் அறையில் அவனுடைய பள்ளிப் புத்தகங்கள், பந்து விளையாடி வாங்கிய கோப்பைகள், கதவில் தொங்கும் பழைய சட்டை. தீபாவளிக்கு மூன்று நாள் வருவான். மீதி நாளெல்லாம் நான் அந்த அறையைக் கூட்டிப் பெருக்குவேன்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லையும் மூடிக்கொண்டது. கணவருக்கு லாரி ஓட்டமும் நின்றது. மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு நாள், "ஓர் அறையை வாடகைக்கு விட்டால் என்ன?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "என் பிள்ளை இனிமேல் வரவே மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டீர்களா?" என்று கத்தினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் மகன் அறையைப் பூட்டி, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அந்த அறைக்குள் போனால் அழுகை வருகிறது என்பதால் கூட்டுவதையும் நிறுத்தினேன்.

2022 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை முழுமையாகத் திறந்தது. அந்த மாதமே மகன் இரவுப் பேருந்தில் வந்து இறங்கினான். அவனுக்குப் பிடித்த கோழிக் கறி சமைத்து வைத்துவிட்டு, சாவியை எடுத்து அறையைத் திறந்தேன்.

உள்ளிருந்து ஈர வாடை முகத்தில் அடித்தது. மெத்தையெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். சுவரோரமாக மண் கோடு போட்டுக் கரையான் ஏறியிருந்தது. அலமாரியின் பின்பலகையைத் தொட்டேன். அப்பளம் போல் நொறுங்கியது. புத்தகங்கள் அட்டை மட்டும் மிஞ்சி, உள்ளே மண்ணாக இருந்தன. யாருக்காக அந்த அறையைப் பூட்டிக் காத்தேனோ, அவனே படுக்க முடியாத அறையாக அது ஆகியிருந்தது.

நான் வாயடைத்து நின்றேன். அவனோ சிரித்துக்கொண்டே, "விடும்மா, நான் ஹாலில் பாட்டி பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கிறேன்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாலில் பாட்டியும் பேரனும் பேசுவது காதில் விழுந்தது.

"பாட்டி, இத்தனை வருஷமா இந்தக் கட்டில்லதான் படுக்கிறியா?"

"பழகிப் போச்சு தம்பி."

"கால் நீட்ட முடியுதா?"

"மடக்கிக்குவேன்."

அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. 31 ஆண்டுகளாக அந்தக் கிழவி காலை மடக்கிப் படுத்திருக்கிறார். அறை காலியாகக் கிடந்த பத்து வருஷக் கணக்கில், "அத்தை, உள்ளே வந்து படுங்கள்" என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. பிள்ளை மேல் வைத்த பாசம் என்று நினைத்து, கண்ணெதிரே இருந்தவரை மறந்திருந்தேன்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினோம். மெத்தையையும் அலமாரியையும் வெளியே வீசினோம். கரையானுக்கு ஆள் வைத்து மருந்து அடித்தோம். முகக்கவசம் கட்டிக்கொண்டு, குளோரோக்ஸைத் தண்ணீரில் கலந்து சுவரைத் தேய்த்தோம். மகன் தன் கோப்பைகளில் இரண்டையும் நல்ல நிலையில் இருந்த படங்களையும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினான். "என் ஞாபகத்துக்கு இது போதும்மா" என்றான்.

பிறகு அத்தையிடம் சொன்னேன். அவர் உடனே, "தம்பி வந்தா எங்க படுப்பான்?" என்று கேட்டார்.

"நேத்துப் படுத்த இடத்துலதான், பாட்டி" என்றான் மகன்.

வயதானவருக்கு அறை கொடுப்பது என்றால் கட்டிலைப் போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படுகிற உயரத்தில் கட்டில் வாங்கினோம். கால் தடுக்கும் தரைவிரிப்பு எதுவும் போடவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி என்று அத்தையையே நடக்கச் சொல்லி எண்ணினோம். பதினாறு அடி. அந்த வழியில் இரவெல்லாம் எரியும் சின்ன விளக்கு ஒன்று. குளியலறைக்கு இறங்கும் படியருகில் சுவரில் ஒரு கைப்பிடி. கரையான் வந்தால் கண்ணில் படட்டும் என்று சாமான்களைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம். ஜன்னலைத் தினமும் காலையில் திறந்து, மழை இல்லாவிட்டால் மாலை வரை காற்றாட விடுகிறேன். நம் நாட்டுப் புழுக்கத்தில் மூடிய அறை தானாகக் கெட்டுவிடும் என்பது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

ஓர் அறைக்கு வழி பிறந்ததும் மகள் அறையும் கண்ணை உறுத்தத் தொடங்கியது. அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். "இதை என்னைக் கேட்கணுமாம்மா?" என்றாள். என் தையல் இயந்திரத்தை அங்கே மாற்றி, பக்கத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டேன். மேசை எனக்கு அல்ல. எதிரே உள்ள அடுக்குமாடியில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருக்கும் குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெண் படிக்க இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் அம்மாவிடம் பேசி, மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை வரச் சொன்னேன். காசு வாங்கவில்லை. இரண்டு நிபந்தனை மட்டும் போட்டேன். கதவு திறந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு அம்மா வந்து கூட்டிப்போக வேண்டும்.

எஸ்.பி.எம். தேர்வில் 2013 முதல் சரித்திரத்தில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். அந்தப் பெண் சரித்திரப் பாடத்தை மலாயில் உரக்கப் படிப்பாள். பக்கத்து அறையிலிருந்து அத்தை, "சப்பான்காரன் காலமா? அப்ப நான் சின்னப் பிள்ளை. எங்கம்மா மரவள்ளிக்கிழங்கு அவிச்சுக் குடுத்து வளர்த்தாங்களாம்" என்று தன் பங்குக்குச் சொல்வார்.

வாடகைக்கு விட்டால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் கணவர் அன்றைக்குக் கேட்டதும் நியாயமே. அப்படி விடுவதானால் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தம் எழுதி முத்திரை வைத்துக்கொள்ளுங்கள். சமையல், சாவி, விருந்தாளி மூன்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருப்பவர்கள் மூவறை வீடு அல்லது அதைவிடப் பெரிய வீட்டில்தான் அறை வாடகைக்கு விடலாம். கழகத்தின் அனுமதி முதலில் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது. வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

2023 நவம்பர் 12-ஆம் தேதி தீபாவளிக்கு எல்லாரும் வந்தார்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர், மகன். எங்கள் மூவரோடு சேர்த்து எட்டுப் பேர். தையல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி மகள் குடும்பத்துக்கு இடம் கொடுத்தோம். ஆனால் பேரப்பிள்ளைகள் ஹாலில் மாமாவோடு படுப்போம் என்று அடம் பிடித்தார்கள். பாய்களை விரித்தேன். சிறிது நேரத்தில் அத்தையும் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "கட்டில் நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு மட்டும்" என்றார். படுத்ததும் காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.

2024 மே மாதம் தேர்வு முடிவு வந்தது. எதிர்வீட்டுப் பெண் சரித்திரத்தில் தேறிவிட்டாள். இனிப்போடு வந்தவள் முதலில் அத்தையின் காலில்தான் விழுந்தாள். அவளுடைய தம்பிக்கு இப்போது அந்த மேசை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பூட்டிய அறை ஒன்று இருக்கலாம். பிள்ளை வந்தால் படுக்க ஒரு பாய் போதும். அவன் வருவதற்கு அறை காரணமில்லை. இன்றைக்கே கதவைத் திறந்து ஜன்னலைத் தள்ளிவிடுங்கள். அதோடு, வீட்டில் யாராவது காலை மடக்கிப் படுத்திருக்கிறார்களா என்றும் ஒரு முறை பாருங்கள்.